ஹாலிஃபாக்ஸுக்கு அப்பால் ஒரு சிப்ஸ் கடை

காலை ஏழு மணி, லண்டன் விக்டோரியா கோச் நிலையம். எண்பத்தெட்டாம் ஆண்டு ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை. லீட்ஸ் போகும் கோச்சில் முன்வரிசையில் இடம் கிடைத்தது. போய்வர ஆளுக்குப் பதினொன்றரைப் பவுண். கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் வீட்டிலிருந்து ஐந்து மணிக்கே புறப்பட்டிருந்தோம், அன்று இரண்டு பேருக்கும் லீவு. என் மடியில் ஒரு போத்தல் தேநீர். என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில், பத்திரிகையில் இருந்து வெட்டியெடுத்த நாலு வரி விளம்பரம். மீன் பொரித்து விற்பவர்களுக்கென்றே இந்த நாட்டில் ஒரு பத்திரிகை வருகிறதாம். ஆர்ச்வே முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒருவர் இவரிடம் அதைக் கொடுத்திருக்கிறார். யோர்க்ஷயரில், ஹாலிஃபாக்ஸுக்கு அப்பால், மேல்மாடியில் வீட்டோடு, மீனும் விரல்போல வெட்டிய உருளைக்கிழங்குச் சிப்ஸும் பொரித்து விற்கும் கடை ஒன்று விற்பனைக்கு இருக்கிறது என்பது செய்தி.

இவர் ஊரில், யாழ்ப்பாணத்தில், கூட்டுறவுச் சங்க மனேஜராக இருந்தவர். லண்டனில் ஏழு வருடமாகப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் பகல் வேலை. நான் கதவைத் திறந்து வெளியே போகும்போது இவர் உள்ளே வருவார். பொரிப்பதைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் திருவிழா என்றால் வடைச்சட்டி என் பொறுப்புத்தான். ஆகவே கடை நடத்த முடியுமா என்ற பயம் எனக்கு இருக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்து ஒரே நேரத்தில் நித்திரை கொள்ளவேண்டும். எங்கள் ஆசை அவ்வளவுதான். அந்தக் கடை கிடைத்தால் அது நடக்கும்.

பதினொன்றேகால், லீட்ஸ். நூற்றித் தொண்ணூற்றைந்து மைல் ஓடி வந்திருந்தோம். அங்கிருந்து ஹாலிஃபாக்ஸுக்கு இன்னொரு பஸ், ஆளுக்கு எழுபது பென்ஸ். டிரைவர் பெரிய மீசை வைத்த, தோள் அகன்ற மனிதர். இவர் சில்லறையை நீட்டியதும் அவர், "டா, லவ்" என்றார். 'டா' என்றால் இங்கே நன்றி. 'லவ்' என்றால் அன்பே. இவர் டிக்கெட்டைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்சை பார் பவளம், அந்தாள் என்னை என்னெண்டு கூப்பிட்டது?"

"உங்களை இவ்வளவு காலமும் ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிடேல்லை. பேசாமல் வந்து இருங்கோ" என்றேன்.

எங்களுக்குப் பின்னால் ஏறிய கிழவருக்கும், பள்ளிக்கூடப் பெட்டையளுக்கும், ஒரு பொலிஸ்காரருக்கும்கூட அதே 'லவ்'தான். லண்டனில் பஸ் டிரைவர் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். எனக்கு அந்த இடம் அப்போதே பிடித்துவிட்டது.

பிற்பகல் ஒன்றரை. ஹாலிஃபாக்ஸில் இன்னொரு பஸ் மாறி, பள்ளத்தாக்கோடு ஆறு மைல் போய் இறங்கினோம். ஊர்ப் பெயரைச் சொன்னால் கடையும் தெரிந்துவிடும், ஆகவே அதை விட்டுவிடுகிறேன். ஆலைப் புகையில் கறுத்துப்போன கல் வீடுகள். புகைக்கூண்டுகள் நின்றன, புகை இல்லை. வீதிகள் மூச்சுவாங்க வைக்கும் ஏற்றம். வீதி முடியும் இடத்தில் மலை, அதன்மேல் செம்மறியாடுகள். கடை வாசலில் நல்ல வரிசை.

கடைக்காரி ஹில்டாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். புருஷன் இறந்தபின் எட்டு வருடமாகத் தனியே நடத்துகிறார். அவருடைய பேச்சை நான் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதப்போகிறேன். லண்டன்காரர் பேசுவதுபோல எழுதினால் மனுஷி கோபிப்பார்.

"லண்டனிலை இருந்து வாறியள், பசியோடை இருப்பியள். முதல்லை சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே 'டின்னர்' என்று பெயர், பின்னேரச் சாப்பாட்டுக்கு 'டீ'. 'டீகேக்' என்று கேட்டால் கேக் வராது, வட்டமான வெறும் பாண்தான் வரும்.

மீன் வேண்டுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை நாங்கள் மரக்கறிதான் என்று சொன்னேன். அதுவும் ஐப்பசி வெள்ளி, நான் காலையிலிருந்து தேநீர் மட்டும் குடித்தபடி, ஒருநேரம் மட்டும் சாப்பிடும் விரதம். "அப்ப சிப்ஸும் பட்டாணியும்" என்று இரண்டு தட்டு வந்தது. சிப்ஸ் நாற்பத்தைந்து பென்ஸ், கரைய அவித்த பட்டாணி பதினெட்டு. எங்களிடம் காசு வாங்கவில்லை. சிப்ஸ் வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மாவாகவும் இருந்தது. லண்டனில் அப்படி நான் தின்றதில்லை. மேலே ஒரு பிடி, சட்டியில் உதிர்ந்து பொரிந்த மாத் துகளும் தூவியிருந்தார். 'ஸ்கிராப்ஸ்' என்பார்கள், கேட்டால் சும்மா தருவார்கள். இது என்ன கைப்பக்குவம் என்று யோசித்து யோசித்து, தட்டை வழித்துத் தின்றேன்.

இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு ஹில்டா எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். கிழங்கு தோலுரிக்கும் இயந்திரம், வெட்டும் இயந்திரம், எல்லாம் பளிச்சென்று இருந்தன. மூலையில் கடதாசியில் சுற்றிய வெள்ளைக் கட்டிகள் அடுக்கியிருந்தன.

"எந்த எண்ணெய் பாவிக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"எண்ணெயோ?" ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. "யோர்க்ஷயரிலை எண்ணெயிலை பொரிச்சால் ஆரும் வருவினமே? இது மாட்டுக் கொழுப்பு, லவ். நான் முதல்தரமானதுதான் எடுக்கிறன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் பின்கதவைத் திறந்து முற்றத்துக் குழாயடிக்கு ஓடினேன். வாயைக் கொப்பளித்தேன், திரும்பத் திரும்பக் கொப்பளித்தேன். வாய்க்குள் இருந்த ருசி போகவில்லை. அது நல்ல ருசி என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாத வேதனை. பிறந்ததிலிருந்து நாங்கள் தொடாத ஒன்றை, விரதத்தன்று, ஆசையோடு வழித்துத் தின்றிருக்கிறேன். உருளைக்கிழங்கு மரக்கறிதானே, துகள் வெறும் மாதானே என்று இருந்துவிட்டேன். எதில் பொரித்தது என்று கேட்கவேண்டும் என்று எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தோன்றாது.

ஹில்டா பின்னால் வந்து, சுகமில்லையா என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் முற்றத்துப் படியில் பொத்தென்று இருந்துவிட்டார்.

"நீ மரக்கறி எண்டு சொன்னாய்தானே. நான் யோசிச்சிருக்க வேணும். ஐயோ, லவ்."

"கேக்காதது என்ரை பிழை" என்றேன். என்னைத் தன் பக்கத்தில் இருக்கச் சொல்லி இடம்விட்டார். 

இவர்தான் வழி சொன்னார். கடையில் மூன்று சட்டி உண்டு, ஒன்று பாவிப்பதில்லை. அதைக் கழுவித் தேய்த்து எண்ணெய் விட்டுப் பொரித்துப் பார்ப்போம், ஊர்ச்சனம் ஒத்துக்கொண்டால் கடை எங்களுக்கு என்றார். ஹில்டா தலையை ஆட்டினார், ஆனால் முகத்தில் நம்பிக்கை இல்லை. எனக்கு நம்பிக்கை இருந்தது. சலவைச் சோடாவும் சுடுதண்ணீரும் விட்டு ஒரு மணித்தியாலம் அந்தச் சட்டியோடு மல்லுக்கட்டினேன். இவர் தெருக்கோடிக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் வாங்கிச் சுமந்து வந்தார்.

நாலரை மணிக்குக் கதவு திறந்தது. வெள்ளி பின்னேரம் அங்கே வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் போலும், ஊரே வந்து நின்றது. நான் பொரித்ததில் பிழை சொல்ல முடியாது. பொன்னிறம், எண்ணெய் குடிக்கவில்லை. வந்த ஒவ்வொருவருக்கும் கடதாசியில் நாலைந்து வைத்துக் கொடுத்தேன். தட்டைத் தொப்பி போட்ட ஒரு கிழவர் ஆறுதலாக மென்றார்.

"இதிலை நவ்ட் பிழை" என்றார். 'நவ்ட்' என்றால் ஒன்றுமில்லை. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு ஹில்டாவின்ரை சட்டியிலை இருந்து தா, லவ்" என்றார்.

எல்லாரும் அதையேதான் செய்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நன்றாய் இருக்கிறது என்றார்கள், நன்றி என்றார்கள், அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். ஆறரை மணிக்கு என் சட்டியின் முன்னால் ஆளில்லை. நல்லெண்ணெய்க்குப் பதிலாக வேறெதையோ விட்டு யாராவது எனக்குத் தோசை சுட்டுத் தந்தால் நானும் இப்படித்தான் மரியாதையாகத் தின்றுவிட்டு எழும்புவேன். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை.

கடை சாத்தியபின் இவர் மெதுவாகத் தொடங்கினார்.

"நாங்கள் தின்னத் தேவையில்லைத்தானே பவளம். விக்கிறதுதானே. கையுறை போட்டால் என்ன?"

"ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டியை உடைச்சுச் சட்டியிலை போடவேணும். ஏலாது."

"அப்ப நான் போடுறன்."

"நீங்கள் போட்டிட்டு வந்து எனக்குப் பக்கத்திலை படுக்கப்போறியளே? ஒண்டாய்ப் படுக்கிறதுக்குத்தானே இந்தக் கடை. என்னாலை ஏலாது எண்டால் ஏலாது."

 இவர் விளம்பரத் துண்டைப் பையிலிருந்து எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.  ஏழு வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

ஹில்டா மேசையைத் துடைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் விளங்காவிட்டாலும் முகம் விளங்கியிருக்கும்.

"இந்தக் கடையை ஞாயிற்றுக்கிழமை திறக்கச்சொல்லி என்னட்டை எத்தினைபேர் கேட்டவை தெரியுமே? என்ரை சபையிலை அது வழக்கமில்லை. ஒரு ஞாயிறும் திறக்கேல்லை" என்றார். "உனக்கு ஏலாது எண்டால் ஏலாதுதான். கொழுப்பைக் கைவிடுறவளுக்கு நானும் கடை தரமாட்டன், அதையும் சொல்லிப்போட்டன்." பிறகு குரலைத் தணித்து, வெட்கப்பட வேண்டிய குடும்ப விஷயம்போலச் சொன்னார்: "மலைக்கு அங்காலை லங்காஷயர். அவங்களுக்கு ருசி தெரியாது. அங்கை கனபேர் எண்ணெயிலைதான் பொரிக்கிறவங்கள். ரொச்டேலிலை என்ரை மச்சாள் ஒருத்தி இருக்கிறாள், அவளும் விக்கிற யோசினை. அவளோடை எனக்குப் பெரிய கதை பேச்சில்லை. அட்ரஸ் தாறன்."

அன்றிரவு மேல்மாடி அறையில் தங்கினோம்.

சனிக்கிழமை காலை எட்டரை. வீதிக்கு இந்தப்பக்கம் ஹாலிஃபாக்ஸ் பஸ், அந்தப்பக்கம் ரொச்டேல் பஸ். இந்தப்பக்கம் ஏறினால் லீட்ஸ், லண்டன், இரவு ஏழு மணிக்கு இவருடைய ஷிப்ட். இவர் தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். கண்ணாடிக்கூடாகப் பார்த்தேன், இரண்டு நிமிடம்கூடக் கதைக்கவில்லை.

"இண்டைக்கு வரேலாது எண்டு சொல்லிப்போட்டன். இனி வரவேண்டாம் எண்டு முதலாளி சொல்லுறான்" என்றார்.

"நல்லதாய்ப் போச்சு" என்று அவர் கையைப் பிடித்து வீதியைக் கடந்தேன்.

லங்காஷயர் பக்கத்துத் தரிப்பில் நாங்கள் நிற்பதைக் கண்டு ஹில்டா ஏப்ரனோடு ஓடிவந்தார். கையில் கடதாசிப் பொதி, இன்னும் சூடு. பார்க்கின் என்று சொன்னார்: ஓட்ஸ்மா, இஞ்சி, கறுத்த சர்க்கரைப்பாகு சேர்த்துச் சுடும் கேக். நவம்பரில் வெடி கொளுத்தும் நாளுக்கு அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் சுடுவார்களாம்.

"என்ரை அம்மா கொழுப்புப் போட்டுத்தான் சுடுறவ. இது பட்டர். பக்கெற்றை இரண்டுதரம் வாசிச்சனான்" என்றார். "அங்கை போய் அவங்களைப் போலக் கதைக்கப் பழகாதை." திரும்பிப் பார்க்காமல் கடைக்குள் போய்விட்டார்.

பஸ் மலையேறியது. ஆலைகள் கீழே போயின, இரண்டு பக்கமும் வெறும் புல்வெளியும் காற்றும். பொதியைப் பிரித்து ஒரு துண்டு கடித்தேன். உதிர்ந்தது, வறண்டும் இருந்தது. சமைக்கத் தெரிந்தவள் என்பதால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேக் சரிவரவில்லை. சரிவராது என்று ஹில்டாவுக்கும் அதைக் குழைக்கும்போதே தெரிந்திருக்கும். கடைக்காக ஒரு கட்டிக் கொழுப்பையும் விட்டுக்கொடுக்காத மனுஷி, விடியமுன் எழும்பி, தன் தாயின் கேக்கை எங்களுக்காகப் பழுதாக்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது.

"எப்பிடி இருக்கு?" என்று இவர் கேட்டார்.

"திண்டு பாருங்கோ" என்று பாதியைக் கொடுத்தேன்.

இவர் மென்றார். இன்னொரு துண்டு எடுத்தார். லங்காஷயர் எல்லையைத் தாண்டியபோது பொதியில் ஒரு துகளும் மிச்சமில்லை.