வீரணன் போட்ட பாலமும் அதன் திறப்பு விழாவும்

வீரணனுக்கு எதையும் செய்து முடித்தால் போதாது, திறந்து வைத்தாக வேண்டும். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வன்னியம்பட்டிக்கு வந்ததும் வீட்டில் குளியலறை கட்டினார். அதன் வாசலில் வாழைமரம் கட்டி, மைக்செட் வைத்து, பஞ்சாயத்துத் தலைவரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டவைத்தார். வெட்டிய பிறகு உள்ளே போவதா, வெளியிலேயே நிற்பதா என்று தலைவர் முழித்த முழி இருக்கிறதே! வீரணன் மனைவி அங்காளம்மாள் வெட்கத்தில் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருடம் பொங்கல் விடுமுறையில், நான் ஃபிட்டராக இருந்த ராஜபாளையம் நூல் மில்லிலிருந்து நாற்பது பேர் செண்பகத்தோப்பு வழியாக மலையேறுவது என்று முடிவானது. வழியில் ஓர் ஓடை. மழை முடிந்த சமயம், இடுப்பளவு தண்ணீர் ஆளை இழுத்துக்கொண்டு ஓடியது. மில்லில் வேலை கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்த வீரணனுக்கு மேனேஜர் ஞானதுரை சொல்லியனுப்பினார்.

"பட்டாளத்துல பாலமெல்லாம் போட்டேன்னு சொல்லுதீரே, இங்க ஒண்ணு போட்டுக் காட்டும். நல்லா இருந்துச்சுன்னா செக்யூரிட்டி வேல உமக்குத்தான்."

காக்கிச் சட்டை போட்டு, நாலு பேரை நிறுத்திக் கேள்வி கேட்க முடியாமல் மூன்று வருடமாகத் தவித்துக்கொண்டிருந்த மனுசன். அங்காளம்மாள் அவரைவிடத் தவித்தார். பகலில் இவர் வீட்டில் இல்லாவிட்டால் போதும் அவருக்கு.

முந்தின நாள் நானும் ஒத்தாசைக்குப் போனேன். இரண்டு பனந்தடிகளை மேல்பக்கம் செதுக்கி, சேர்த்துக் கட்டி, இரு கரையிலும் கல் முட்டுக்கொடுத்தார். கைப்பிடிக்கு மரத்துக்கு மரம் வடக்கயிறு. நான் ஏறிக் குதித்தே பார்த்தேன், அசையவில்லை. அத்தோடு வந்து தொலைத்திருக்கலாம் அல்லவா? மனுசனுக்குக் கை அரித்தது. வண்டியில் நாலு வாழைமரம் தாரோடு வந்து இறங்கியது, கூடவே ஒரு கட்டுக் கரும்பு.

சோறு கொண்டுவந்த அங்காளம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "பாலம் போட்டாச்சுல்ல, பேசாம வாங்க. காட்டுக்குள்ள யாருக்குத் தோரணம்?"

"மேனேஜரு வாராரு. அவிய மூளியா இருக்க பாலத்துலயா கால் வைக்கணும்? போடி, ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

வாழைமரங்களை அவர் பனந்தடிகளோடு சேர்த்துக் கட்ட, நானும் வாயை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை நாற்பது பேரும் போய் நின்றோம். வாழையில் ஒரு மட்டை மிச்சமில்லை. கரும்பு கிடந்த இடத்தில் சக்கை. கரையெல்லாம் முறம் அகலத்துக்குக் காலடி, பக்கத்தில் சுடச்சுட யானை லத்தி. இழுத்த இழுப்பில் பனந்தடிகள் உருண்டு ஓடைக்குள் கிடந்தன. வடக்கயிறு மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

"தெறப்பு விழா முடிஞ்சிருச்சு போலயே!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். அப்புறம்தான் வீரணன் முகத்தைப் பார்த்தேன். பாவமாகப் போய்விட்டது எனக்கு.

அவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நடு ஓடையில் இறங்கி நின்றார். "ஏலே, ஒவ்வொருத்தனா வாங்க. ஒரு கையில கயிறு, ஒரு கையில என் தோளு."

நாற்பது பேரும் அந்தத் தோளைப் பிடித்துத்தான் கடந்தோம். கடைசியாக வந்த மேனேஜர் கனத்த உடம்பு, பாசியில் வழுக்கினார். வீரணன் அப்படியே அவரை அள்ளிக் கரையில் வைத்தார்.

மேனேஜர் பேண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "திங்கக்கிழம மில்லுக்கு வந்துரும். ஆனா கேட்டுல வாழமரம் கீழமரம் கட்டப்புடாது, இப்பமே சொல்லிட்டேன்."

வீரணன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். குளிரில் பல் கிடுகிடுத்தது. அந்த நிலையிலும் மெதுவாகக் கேட்டார்:

"மாவிலை மட்டும் கட்டிக்கிடலாமாய்யா?"