புல்லட் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

என் அக்கா ஜெய்தூன் பீவியின் வீட்டுக்காரர் சேக் பரீது வெட்கப்பட்டு நின்றதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதற்கு வழி பண்ணிக் கொடுத்ததே நான்தான். அதனால் இதை நானே சொல்லிவிடுகிறேன்.

மச்சான் தோல் வாங்கி விற்பவர். திண்டுக்கல்லிலிருந்து விடியலில் சைக்கிளில் கிளம்புவார். ஆத்தூர் வரைக்கும் வழியிலுள்ள கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் எடுத்து, உப்புத் தடவி மடித்து, பின்னால் கட்டிக்கொண்டு மதியத்துக்குள் ஊர் திரும்பி, பதனிடும் தோல் ஷாப்பில் போட வேண்டும். உப்புப் படாமல் வெயில் ஏறினால் முடி கழன்றுவிடும். முடி கழன்ற தோலை ஒருவரும் தொட மாட்டார்கள். நாற்பத்தாறு வயதில் அவர் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

அறுபத்திரண்டாம் வருஷம், மோட்டார் சைக்கிள் வாங்கலாமா என்று பேச்செடுத்தார். முழங்காலைத்தான் காரணம் சொன்னார். ஆனால் தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் மனுஷன் வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்துவிடுவார் என்பது எங்களுக்குத் தெரியாதா?

"தோல் ஏத்துறதுக்குத் தேரு கேக்குதாக்கும்?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மச்சான் ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்போதுதான் ஆத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருந்த பெருமாள்சாமி தன் புல்லட்டை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். இடுப்பு வலியால் அவரால் உதைத்துக் கிளப்ப முடியவில்லையாம். வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார், கண்டவனுக்குத் தர மாட்டார் என்றும் சொன்னார்கள்.

"தோல் ஏவாரம்னு சொன்னீங்கன்னா கேட்டுக்குள்ளயே விட மாட்டாரு மச்சான்," என்றேன். "என் பூட்டுக்கடையில கூட்டாளின்னு சொல்லிக்குவோம்."

"பொய்யாச்சேப்பா அப்பாஸ்."

"செத்த நேரப் பொய்தானே?"

அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆசை ஒத்துக்கொள்ள வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கு வெள்ளை ஜிப்பா, வெள்ளைக் கைலி, காது மடலில் அத்தர். சைக்கிளையும் உப்புப் பையையும் வீட்டில் போட்டுவிட்டு பஸ் ஏறினோம். ஆத்தூர் கறிக்கடையில் தோல் உரிக்கும் சூசையிடம் பதினைந்து வருஷமாக மச்சான்தான் தோல் எடுக்கிறார். "வண்டி பேசி முடிஞ்சா நேரா சூசைகிட்ட ஓட்டிக்கிட்டுப் போயி நிக்கணும்பா. அவன்கிட்டத்தான் மொதல்ல காட்டணும்," என்று பஸ்ஸில் நாலு தடவை சொன்னார்.

பெருமாள்சாமி வீட்டு வேப்பமரத்தடியில் வண்டி பளபளவென்று நின்றது. மச்சான் எஞ்சினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. கை நேராகத் தோல் சீட்டுக்குப் போனது. கட்டை விரலால் அழுத்தினார். ஓரத்தைப் புரட்டி உள்பக்கத்தைத் தடவினார். குனிந்து மோந்து பார்த்தார்.

"ஆவாரம்பட்டையில பதம் பண்ணுன எருமைக்கன்னுத் தோலு. நம்மூர்ச் சரக்குதான்," என்றார், மெய்மறந்து.

பெருமாள்சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பூட்டுக்கடைன்னு சொன்னீங்கள்ல?" என்று மட்டும் கேட்டார். "ஆமாங்க, பூட்டுத்தான்," என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து கேட்டில் சூசை வந்து நின்றார். தலையில் ஈரச் சாக்கு. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் கழுத்தில் ஓடியது.

"பாய்! பஸ்ஸுல வந்து எறங்குனீங்கன்னு சொன்னாங்க. பதினோரு உருப்படி தோலு கெடக்கு, வெயிலு ஏறுது, வீணாப் போயிருமேன்னு நானே தூக்கியாந்துட்டேன்."

மச்சான் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? பதினைந்து வருஷப் பழக்கத்தை அவர் ஒரே மூச்சில் விழுங்கினார்.

"யாருப்பா நீ? ஆளு மாறி வந்துட்ட."

சூசை அவருடைய ஜிப்பாவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்க சாமி. எங்க பாயின்னு நெனச்சுட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சுமையோடு திரும்பி நடந்தார்.

சூசை கேட்டைத் தாண்டும் வரை பார்த்திருந்த பெருமாள்சாமி மச்சான் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "சீட்டைப் பொரட்டுனப்பவே தெரிஞ்சு போச்சு பாய். தொழில் தெரிஞ்ச கை. உங்களுக்கே குடுத்துருவோம்னு நெனச்சேன். தோல் ஏத்துனா என்ன, கழுவிக்கிட்டாப் போச்சு."

சாவியை நீட்டினார். மச்சான் கை நீளவில்லை. அவமானத்தில் எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. யாரும் கேட்காத பொய் அது. அதைத்தான் நான் அவர் வாயில் வைத்திருந்தேன்.

மச்சான் சூசை போன பக்கம் ஓடினார். முழங்கால் வலிக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கண்மாய்க் கரைப் புளியமர நிழலில் சூசை தோல்களை விரித்திருந்தார். கரையோரத்தில் இருந்த தன் வீட்டு உப்புப் பானையைக் கொண்டுவந்து கவிழ்த்துத் தடவிக்கொண்டிருந்தார். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து உப்பில் கை வைத்தார்.

"வெள்ளைத் துணிங்க. தள்ளி இருங்க," என்றார் சூசை.

"தப்புப் பண்ணிட்டேன் சூசை."

"அதுல என்ன பாய் இருக்கு? பெரிய மனுசங்க முன்னால நாந்தான் தெரியாமக் கூப்ட்டுட்டேன். இனிமே ஆளு இருந்தாக் கூப்புட மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மச்சான் தாங்கியிருப்பார். சூசை சமாதானமாகத்தான் சொன்னார்.

அந்த வண்டியை மச்சான் வாங்கவில்லை. வேறு வண்டியும் பார்க்கவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு அதே சைக்கிளைத்தான் மிதித்தார். சூசையிடமும் வழக்கம்போலத் தோல் எடுத்தார். அக்கா ஏனென்று கேட்டதற்கு, "வேணாம், விடு," என்றார். நானும் அவளிடம் சொல்லவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு சந்தை நாளில் மச்சானும் நானும் ஆத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். சுற்றிலும் நல்ல கூட்டம். எதிரே சூசை வந்தார்.

"ஏ சூசை!" என்று மச்சான் கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "இங்கிட்டுப் பாருப்பா, நாந்தான்!"

சூசை நின்றார். பக்கத்தில் நின்ற ஆட்களைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.