புங்கமரத்துக்கு நான் பூசிய வெள்ளை

எதிர் வீட்டில் காலையிலிருந்து சுவர்ப் பூச்சு நடக்கிறது. ஈர வெள்ளைச் சிமெண்ட் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மரத்தைக் கொல்லப் பார்த்தவனுக்கு அந்த வாசனை சும்மா வருமா?

அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் மண் கலக்குகிற வேலை எனக்கு. வாசலில் இளம் புங்கமரம் ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பேருக்கும் அதுதான் கூரை. வெளியூரிலிருந்து பெரிய வியாபாரி வருகிறார் என்றதும் முதலாளிக்கு ஓர் ஆசை: மரமும் பீங்கான் மாதிரி பளிச்சென்று இருக்க வேண்டும். நான் இருக்கிறேனே, கெட்டிக்காரன்! வெள்ளைச் சிமெண்டையும் களிமண்ணையும் குழைத்து, அடிமரம் முழுக்கக் கனமாகப் பூசினேன். கிளைகளையும் விடவில்லை. வியாபாரி மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

பங்குனியில் தெருவிலிருந்த புங்கமரமெல்லாம் துளிர்த்தன. எங்களுடையது மட்டும் மொட்டையாக நின்றது. "பட்டுப்போச்சு, வெட்டிடுங்க" என்றார் முதலாளி.

அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிர் சீவுகிற செல்வி குறுக்கே வந்தாள். கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், பிளஸ் டூவில் தாவரவியல் படித்தவள், அதுவரை அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"சாவல மொதலாளி, மூச்சு முட்டி நிக்குது. பட்டையில புள்ளி புள்ளியா இருக்கும். பட்டைத்துளைன்னு பாடத்துல படிச்சேன். அது வழியாத்தான் காத்து உள்ள போயி வெளிய வருது. அண்ணன் அத்தனையும் அடைச்சிட்டாரு."

"எலதானே மூச்சு வுடும்? தண்டு எங்கம்மா வுடுது?"

"பொம்மைக்கு அடியில ஓட்ட போடாம சூளையில வெப்பீங்களா?"

காற்றுப் போக வழியில்லாமல் சூளையில் வெடித்த பொம்மைகளை அவரைவிட அதிகம் பார்த்தவர் யார்? "பதினஞ்சு நாளு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிசிர் சீவும் மரக்கத்தியால், பட்டை காயப்படாமல் பூச்சைப் பெயர்த்தோம். ஈரச் சாக்கால் துடைத்தோம். குற்றவாளி என்பதால் ஏணி எனக்கு. பூச்சு உதிர்ந்த இடத்தில் கடுகு ஒட்டினாற்போல் புடைத்த புள்ளிகள். செல்வி ஒரு கிளையை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை.

"உசுரு இருக்குதுண்ணே!"

பதினாலாம் நாள் காலை ஏணியின் உச்சியில் நான் போட்ட கூச்சலில் பட்டறையே வெளியே ஓடி வந்தது. முதலாளி என்னை இறக்கிவிட்டுத் தானே ஏறிப் பார்த்தார். விரல் நுனி அளவு தளிர். அங்கிருந்தே கத்தினார்: "எல்லாருக்கும் டீ சொல்லு! மொத டீ செல்விக்கு!"

இன்று பட்டறை இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது கொட்டகையோடு மரமும் போயிற்று. ஆனால் வெட்டச் சொன்ன நாளுக்குப் பிறகு பதினோரு கோடை அதன் நிழலில் சாப்பிட்டோம். அதில் பாதி நாள் முதலாளியும் தூக்குவாளியோடு எங்கள் பக்கத்தில்தான்.