பாக்கெட்டில் இருந்த பீஸ் கட்டை

நான் பயப்படுகிற ஆள். உயரம், நிறம் மாதிரி அதுவும் என்னோடு பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போவேன், திரும்பி வந்து பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். கேஸை மூடியாச்சா என்று கேட்பேன். மூடியாச்சு என்று பதில் வந்தாலும் போய்த் தொட்டுப் பார்ப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஷூ கம்பெனிக்குள் போனவன் நான். எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பயந்துவிடுவேன்.

"மழை வந்தா மழைக்கு பயம், வராட்டி ஏன் வரலைன்னு பயம்" என்பாள் என் மனைவி.

அவள் எதற்கும் அஞ்சாதவள். ஆம்பூரில் எங்கள் வீட்டு முன் ரூமில் ரெண்டு தையல் மிஷின் இருக்கிறது. ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். வெட்டிய தோல் துண்டுகள் கம்பெனியிலிருந்து வரும், அதை ஒட்டித் தைத்து அப்பராகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. ரொம்ப காலம் நடுவில் ஒரு ஏஜென்ட் இருந்தார். அவருக்குக் கோபம் வந்தால் எங்களுக்கு வேலை வராது, சந்தோஷம் வந்தால் தூங்க முடியாத அளவுக்கு வரும். போன ஐப்பசியில்தான் முதல் தடவையாக ஒரு கம்பெனியின் தையல் மேனேஜரம்மா என் மனைவியை நேராகக் கூப்பிட்டு ஒரு பேட்ச் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் கேட் மூடறதுக்குள்ள வரணும். ஒழுங்கா வந்தா இனிமே உங்க பேர்லயே தர்றேன்" என்றாராம்.

அதைச் சொல்லும்போது அவள் 'உங்க பேர்லயே' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். அன்றைக்கு மிஷின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, குங்குமம் வைத்தாள். ஆயுத பூஜைக்குக்கூட அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நல்ல மழை. தெருக்கோடியில் டிரான்ஸ்ஃபார்மர் டமார் என்றது. தையல் மிஷின் ஊசி பாதித் தோலில் குத்தியபடி நின்றுவிட்டது. முக்கால்வாசி ஜோடி முடிந்திருந்தது, மிச்சம் மேஜை மேல் குவிந்திருந்தது. ஈபி ஆபீஸில் கேட்டுப் பார்த்ததில் சாயந்திரம் ஆகும், ஜாஸ்தியும் ஆகலாம் என்றார்கள். அவள் மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே தூக்கினாள், அவ்வளவுதான்.

முந்தின நாள்தான் அவள் தம்பி சத்துவாச்சாரியிலிருந்து வந்திருந்தான். கம்பெனி ஸ்டாஃபை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து, கூரை மேல் சோலார் தகடு போட்டு, குடும்பங்களை அமிர்தி, ஏலகிரி, கோயில் குளம் என்று அழைத்துப் போகிறான். படுக்கைக்கு அடியில் பெரிய பேட்டரி ரெண்டு, அந்தக் கரண்டை வீட்டுக் கரண்ட் மாதிரி மாற்றிக் கொடுக்கிற இன்வெர்ட்டர் ஒன்று.

"அக்கா, இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருக்க? வாசல்ல ஒரு ஈபி ஆபீஸே நிக்குது பாரு" என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. நான் எழுந்து அவன் பின்னாலேயே போனேன்.

அவன் ஒரு வயரை எடுத்து ரெண்டு முனையிலும் பிளக் பின் மாட்டினான். "ஒரு பக்கம் வண்டி சாக்கெட்டுல, இன்னொரு பக்கம் வீட்டு சாக்கெட்டுல. வீடு ஃபுல்லா கரண்ட் வந்துடும். டிவி வேணும்னாலும் பாரு மாமா."

அந்த வயரைப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் பித்தளைக் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"மச்சான், ஒரு பக்கத்த சொருகிட்டு இன்னொரு பக்கத்த கையில புடிச்சா?"

"புடிக்காத மாமா."

"புடிச்சிட்டா?"

"ஏன் மாமா புடிக்கிற?"

அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். நான் சாக்கெட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியாகக் கம்பம் தெரிந்தது. நம் வீட்டு வயர் அந்தக் கம்பத்துக்குத்தானே போகிறது. அங்கிருந்து கரண்ட் இங்கே வரும் என்றால், இங்கிருந்து அங்கே போகாதா என்று கேட்டேன்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டா போவாது மாமா. மண்டபத்துல எல்லாம் இப்டித்தான் பண்றாங்க."

"பழக்கத்துல யாராவது மெயினைப் போட்டுட்டா?"

"யாரு போடப் போறா?" என்றாள் அவள். "ஆஃப்ல இருக்குதான்னு பார்க்கறேன்னு நீங்கதான் போயி போட்டுடுவீங்க."

அதில் உண்மை இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது. இப்படி நாங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே லைன்மேன் ஒருத்தர் வாசலுக்கு வந்தார். மழைக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, இடுப்பில் கயிறு. "யார் வீட்லயாவது ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் ஓடுதா? நாங்க மேல ஏறப் போறோம்" என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

என் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடிக்கிறவரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பாமலே, "அந்த வயர எடுத்து உள்ள வைடா" என்றாள்.

வேறு வழி பேசினோம். வீட்டு வயரிங் பக்கமே போகாமல், வேனிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷனை ஜன்னல் வழியாக இழுத்து நேராக மிஷினுக்கு மட்டும் கொடுப்பது என்று முடிவானது. அப்படியும் மனசு கேட்காமல் நான் மெயினை ஆஃப் செய்தேன். அதுவும் போதாமல் மீட்டர் பெட்டியில் இருந்த, ஃபியூஸ் கம்பி கட்டின வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையை உருவிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு லைன்மேனிடம் காட்டினேன்.

"தனி வயர்னா இது தேவையே இல்லைணா" என்று சிரித்தார்.

"இருக்கட்டுங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும். எனக்கும் ஒரு நிம்மதி" என்று போனார்.

மச்சான் கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் ஒரு உருளையில் சுற்றியிருந்தது. வேண்டிய அளவு மட்டும் இழுத்தான். நான் விடவில்லை. கம்பெனியில் இப்படிச் சுற்றினபடியே ஓட்டிய உருளை ஒன்று உள்ளே சூடேறி உருகி ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். முழுசாக அவிழ்த்து, மழைத் தண்ணி படாமல் ஸ்டூல் மேல் ஏற்றி வளைத்து உள்ளே கொண்டுவந்தேன். வேனில் ஷாக் அடித்தால் தானாக விழுகிற ஸ்விட்ச் ஒன்று உண்டு. அது வேலை செய்கிறதா என்று பார்க்க அதிலேயே ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினேன், டப்பென்று விழுந்தது. மறுபடி ஏற்றி அமுக்கினேன்.

"மாமா, அது டெஸ்ட் பட்டன். காலிங் பெல் இல்ல."

முதல் மிஷினைப் போட்டதும் இன்வெர்ட்டர் கீ என்று அழுது அணைந்துவிட்டது. அதில் பழைய மோட்டார். எழும்பும்போது ஒரே இழுப்பாக இழுக்கும். ரெண்டாவது மிஷினில் போன வருஷம் மாற்றிய சின்ன மோட்டார். மிதித்தால்தான் ஓடும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். அதைப் போட்டதும் அமைதியாக ஓடியது. வேனில் மற்ற எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். ஃபிரிட்ஜை மட்டும் மச்சான் அணைக்க மாட்டேன் என்றான். மறுநாள் சோளிங்கர் போகிற பார்ட்டி சாமிக்கு வாங்கிக் கொடுத்த துளசி மாலை உள்ளே இருக்கிறதாம்.

அவள் தைக்க, நான் ஒட்ட, மச்சான் நூல் வெட்ட, வேலை நகர்ந்தது. நான் நடுநடுவே எழுந்து புறங்கையால் வயரைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. பிளக்கைத் தொட்டேன். சூடில்லை.

ஒட்டுகிற பசையைச் சொல்யூஷன் என்போம். தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் ரெண்டு துண்டையும் சேர்க்க வேண்டும். எப்போதும் ஃபேனுக்கு அடியில் தட்டு தட்டாகப் பரப்பி வைப்போம். அன்றைக்கு ஃபேன் இல்லை, மழை ஈரம் வேறு. சொல்யூஷன் காயவே மாட்டேன் என்றது. அவள் யோசித்துவிட்டு, "வேனுக்குள்ள கதகதன்னு இருக்கு, ஈரமே இல்ல" என்று தட்டுகளைத் தூக்கிப் போய்ப் படுக்கை மேல் வரிசையாக வைத்துக் கதவைச் சாத்தினாள். அவள் நனையாமலிருக்க நான்தான் கூடவே குடை பிடித்துப் போனேன்.

கொஞ்ச நேரம் கழித்து வேன் பக்கம் போன மச்சான் அங்கிருந்தே கத்தினான். "அக்கா! இன்னா வேலை பண்ணி வச்சிருக்க? வண்டி பூரா சொல்யூஷன் நாத்தம். நாளைக்கு பார்ட்டி ஏறினா வாந்திதான் எடுக்கும்!"

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள் அவள் தைத்துக்கொண்டே.

எனக்கும் தெரியவில்லை. வருஷக்கணக்காக அதைச் சுவாசித்த மூக்குகள் எங்களுடையவை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மச்சான் வேன் படியில் நின்று, நாற்றம் போகட்டும் என்று உள்ளே இருக்கிற ஃபேன் ஸ்விட்சுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கம்பெனியின் சொல்யூஷன் ரூம் ஞாபகம் வந்தது. அந்த ரூமுக்கு லைட் ஸ்விட்ச் வெளியே, வராந்தாவில் இருக்கும். நாங்கள் கரண்டை வீணாக்காமல் இருக்கத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது இல்லை. சொல்யூஷன் ஆவி நிறைந்த ரூமில் ஸ்விட்ச் போடும்போது வருகிற பொடி நெருப்பு போதும், ரூமே பற்றிக்கொள்ளும்.

"தொடாதே!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிசு என்று எனக்கே தெரியாது. மச்சான் கை அந்தரத்தில் நின்றது. உள்ளே மிஷின் சத்தமும் நின்றது.

"எதையும் அமுக்காதே. எதையும் அணைக்காதே. பின் கதவை மட்டும் திறந்துட்டு கீழ எறங்கு."

அவன் கேள்வி கேட்காமல் செய்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறித் தட்டுகளை ஒவ்வொன்றாக நீட்ட, அவள் வாங்கி வாங்கி உள்ளே கொண்டு போனாள். பிறகு எதிர் வீட்டு சன்ஷேடுக்கு அடியில் மூன்று பேரும் நின்றோம். எல்லாக் கதவும் திறந்த வேன் மழையில் காலியாக நின்றது. ஃபிரிட்ஜ் மட்டும் உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. குளிர் போதுமானால் அது தானாக நிற்கும். நிற்கும்போது ஒரு 'க்ளிக்'. அந்த க்ளிக்கிலும் ஒரு ஸ்விட்ச்தானே இருக்கிறது.

"அணைச்சிருக்கணும் மாமா" என்றான் மச்சான் சின்னக் குரலில்.

"காத்து அடிக்குது. போயிடும்."

"நான்தான் வச்சேன்" என்றாள் அவள்.

"நான்தான் குடை புடிச்சேன்" என்றேன். வயருக்கு, மழைக்கு, பட்டனுக்கு என்று காலையிலிருந்து பயந்தவன், உண்மையிலேயே பயப்பட வேண்டியதற்குக் குடை பிடித்திருக்கிறேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேலி எதுவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

க்ளிக் என்று ஃபிரிட்ஜ் நின்றது. மழைச் சத்தம் மட்டும். ஒண்ணும் ஆகவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, மச்சானே போய் மோந்து பார்த்து, "இப்ப என் பெர்ஃப்யூம் வாசனைதான் வருது" என்று சொன்ன பிறகுதான் நான் விட்டேன். முதலில் ஃபிரிட்ஜை அணைத்தான். துளசி மாலை ஈரத் துணி சுற்றி எங்கள் தண்ணீர்க் குடத்தின் மேல் உட்கார்ந்தது. வேன் கதவுகள் திறந்தே கிடந்தன. மிஷினிலிருந்து தள்ளி, பின் ரூம் ஜன்னலோரம் தட்டுகளை வைத்து, மச்சான் ஷூ பெட்டி மூடியால் விசிறினான்.

"ஓனர் கம் டிரைவர் கம் டேபிள் ஃபேன்" என்று தன்னைச் சொல்லிக்கொண்டான்.

மேஜை மேல் குவியல் குறைந்து ஒரு கைப்பிடிக்கு வந்தபோது தெருவே கத்தியது. "வந்துடுச்சு!" எதிர் வீட்டு டிவி பாதிப் பாட்டில் எழுந்தது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடியது. எங்கள் வீட்டில் ஒன்றும் எரியவில்லை. மச்சான் லைட் ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா பேஜாரு, நம்ம வீட்டுக்கு மட்டும் வரலை?"

நான் பாக்கெட்டைத் தொட்டுக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "அது அங்கயே இருக்கட்டும். ஓடற மிஷின இப்ப மாத்த வேணாம்."

முடித்ததும் மூட்டையாகக் கட்டி அதே வேனில் ஏற்றிக் கம்பெனிக்குப் போனோம். கேட் இன்னும் மூடவில்லை. உள்ளே போகிறவர்களை செக்யூரிட்டி தடவிப் பார்ப்பது வழக்கம். என் சட்டைப் பாக்கெட்டில் அவர் கை நின்றது. பீங்கான் கட்டையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாது இது?"

நான் அவளைப் பார்த்தேன். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற அவள் சொன்னாள்.

"எங்க வீட்டு கரண்டுங்க. பத்திரமா குடுத்துடுங்க அவர்கிட்ட."

அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். நான் அதைப் பாக்கெட்டில் போட்டு, விழாமலிருக்கக் கையையும் மேலே வைத்துக்கொண்டு, அவள் பின்னால் நடந்தேன். மேனேஜரம்மா மூட்டையைப் பிரித்து ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். சொல்யூஷன் காய்ந்ததா என்று ஒரு அப்பரை மூக்கருகே கொண்டு போனார். பிறகு உள்ளே திரும்பி, அடுத்த பேட்சைக் கொண்டுவரச் சொன்னார்.

"யார் பேர்ல போடணும்?" என்று கேட்டது உள்ளேயிருந்து ஒரு குரல்.

என் மனைவி தன் பேரைச் சொன்னாள்.