முதலாளி பிடித்த ரிஃப்ளெக்டர்

எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கோட்டக்குப்பத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்தேன். கல்யாண வீடுகளில் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. முதலாளி என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய் ஸ்டாண்டு!" என்பார்.

ஒருமுறை மரக்காணம் உப்பளத்தில் ஒரு ஜோடிக்குக் கல்யாணத்துக்கு முந்தைய ஷூட். என் அம்மா கூலிக்கு உப்பு வாரும் பாத்தி அது. தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி வைத்திருப்பார்கள். செருப்போடு யாரும் இறங்க மாட்டார்கள். செருப்பின் குதி பதிந்தால் அடியிலிருக்கும் களிமண் கிளம்பி உப்பு கறுத்துவிடும். முதலாளி ஷூவோடு இறங்கினார்.

"சார், ஷூவ கழட்டிட்டு எறங்குங்க," என்றாள் அம்மா.

"உப்புதானேம்மா, தங்கமா?"

அது யாருடைய அம்மா என்று அவருக்குத் தெரியும். நான் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே வேலையை விட்டேன். "எங்கடா போயிடுவ? என் கடை வாசல்லதான் வந்து நிப்ப," என்றார். அந்த வாசலில் மட்டும் நிற்கக் கூடாது. எனக்கென்று இருந்த ஒரே லட்சியம் அதுதான்.

பழைய கேமரா ஒன்றைத் தேற்றினேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, குப்பத்தில் புதுப் படகுக்குப் பூஜை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். யாரும் கூப்பிடாத வாரங்களில் அந்த வாசல் கனவில் வந்து பல்லிளித்தது. உப்பளத்தில் எடுத்து இன்ஸ்டாவில் போட்ட ரீல்ஸ்தான் என்னைக் காப்பாற்றியது.

ஒருநாள் போன்.

"டேய் ஸ்டாண்டு, நாளைக்கு வாடா."

"ராங் நம்பருங்க." வைத்துவிட்டேன்.

மறுபடி அடித்தது.

"தம்பி... பாண்டிச்சேரி பார்ட்டி. நம்ம கடையிலதான் புக் பண்ணாங்க. இப்ப உங்க ரீல்ஸ் பாத்துட்டு நீங்கதான் எடுக்கணும்னு அடம் புடிக்கிறாங்க."

"கடைக்கு வர மாட்டேன் சார், நேரா உப்பளத்துக்கு வந்துடுறேன். கேமரா என்னுது. ரிஃப்ளெக்டர நீங்க புடிக்கணும்."

"இன்னாப்பா, வெளையாடுறியா?"

"அப்ப வேற ஆள பாத்துக்கோங்க."

வந்தார். வரப்பில் அம்மா நின்றாள். இந்தத் தடவை அவர் காலை மட்டும் பார்த்தாள். அவராகவே ஷூவைக் கழற்றினார். ஜோடிக்குத் தடிமனான சாக்ஸ் கொண்டுபோயிருந்தேன். சரியாக இரண்டு பேருக்குத்தான்.

வெயிலைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் தட்டோடு, உப்புக்கல்லின் மேல் முதலாளி கரகம் இல்லாமலேயே ஆடினார். நான் மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஃபோகஸ் பார்த்தேன்.

"லெஃப்ட்ல வாங்க சார். இன்னும். அய்யோ, பழைய எடமே நல்லா இருந்துது."

"யாரு ப்ரோ, உங்க அசிஸ்டென்டா?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா ப்ரோ, புதுசு. போகப் போக கத்துக்குவாரு."

முடிந்தபோது அவர் காலெல்லாம் கீறல். "கழுவ தண்ணி இருக்காம்மா?" என்று கேட்டார்.

அம்மா வாய்க்காலைக் காட்டினாள். பாத்திக்குப் பாயும் முற்றிய உப்புத்தண்ணீர். எரிச்சலில் அவசரமாகக் காலை விட்டார். அவர் போட்ட கத்தலில் தூரத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

"உப்புதானே சார்," என்றாள் அம்மா.

ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நொண்டியபடி என்னிடம் வந்தார். "தம்பி, கடைப்பக்கம் ஒருவாட்டி வாங்களேன். ஒக்காந்து பேசலாம்."

"போன் பண்ணுங்க சார். ஃப்ரீயா இருந்தா எடுக்கிறேன்."