நெட்டுக்குப்பத்துக் கறுப்புக் காய்

நம்புனா நம்பு, நம்பாட்டி போ. இது எம்.கே.பி. நகர் பகலவனுக்கு நெசமாவே நடந்தது.

கண்டெய்னர் யார்டுல வேல அவனுக்கு. உசுரு மட்டும் தபால் செஸ்ல. முன்னெல்லாம் கார்டு போட்டு ஆடுனது, இப்போ போன்ல. ஒரு காய் வைக்க மூணு நாள் கெடு. இந்த ஒரு ஆட்டம் ஜெயிச்சா அகில இந்தியச் சுற்று. ரெண்டு வருசமா அரைப் புள்ளியில கோட்டை விட்டவன் அவன். எதிராளி நெட்டுக்குப்பம் கோதண்டம், படகுக்காரரு, கறுப்புக் காய்.

பகலவன் ஆட்டத்தத் தொடங்குறது எப்பவும் கிங்ஸ் கேம்பிட்லதான். ராஜா சிப்பாய நகத்துனான். டிங்! பதில் வந்துடுச்சு. அடுத்த காய். டிங்! இவன் மூணு நாள் மண்டைய ஒடைச்சிகினா, அங்க மூணு நொடி.

"கம்ப்யூட்டர் வச்சு ஆடுறான்யா!"

பேஜாராயி, ஞாயித்துக்கெழம மத்தியானம் நெட்டுக்குப்பத்துக்கே போயிட்டான், ஆளைப் புடிச்சு நாலு கேக்க.

கதவத் தொறந்தது அவரு சம்சாரம் மங்கம்மா.

"அவரு இல்ல நைனா. படகு கவுந்து ஒரு மாசமாவுது. ஒடம்புகூட கெடைக்கல."

"அக்கா... காலையிலகூட ஆடுனாரே!"

"கடல்ல டவர் எடுக்காதுல்ல? நீ இப்டி வச்சா நான் அப்டின்னு, முன்னாடியே ஆப்புல பதில போட்டு வச்சுட்டுப் போவாரு. அதுவே ஆடிக்கும்."

அட, அவ்ளோதானா! பகலவனுக்கு மூச்சு வந்துச்சு. வெளிய வந்து, போட்டி நடத்துற தாஹிரா மேடத்துக்கு போன் போட்டான்.

"மேடம், எதிராளி செத்துட்டாரு."

"சாவு சர்டிபிகேட் கீதா?"

"ஒடம்பே கெடைக்கல மேடம்!"

"அப்போ ஆட்டம் நடக்கட்டும்."

அடக் கொடுமையே! எரிச்சல்ல அவனுக்கு ஒரு யோசன. எவனும் நெனைக்காத காய வச்சா? பதில் இருக்காது. கெடு முடியும். வெற்றி.

ராஜாவ ஒரு கட்டம் முன்னால தள்ளுனான். மேட் ஆகி தோக்குற எடந்தான். ஆனா ஆட ஆள் எங்க?

ஒரு நிமிசம்...

ரெண்டு...

சிரிச்சிகினே பஸ் ஏறுனான்.

டிங்.

கறுப்பு ராணி. மேட்.

பஸ்லயே தாஹிரா மேடத்துக்கு மறுபடி போன் போட்டான்.

மறுநாள் தாஹிரா விசாரிச்சுட்டு சொன்னாங்க. "போட்டு வச்ச பதில் நாலாவது காயோட தீந்துடுச்சு. மீதியெல்லாம் கையால ஆடுனது."

மங்கம்மாவக் கூப்ட்டான்.

"அக்கா... அவரு போனு இப்போ யார் கைல கீது?"

"யார் கைல நைனா... பாலித்தீன் கவர்ல சுத்தி இடுப்புல கட்டிக்கினுதான் போவாரு. அத்தோடதான் முழுகிட்டாரு."