அம்மாவுக்காக மிச்சம் பிடித்த பற்றறி

என் தங்கச்சி கனடாவிலிருந்து அனுப்பிய மடிக்கணினி ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். அவள் பாவித்துச் சலித்த சாமான். பற்றறியை முழுக்க நிரப்பினாலும் ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடித்தால் புண்ணியம். வெளிநாட்டுச் சொந்தம் அப்படித்தான், சாமான் தேய்ந்தபிறகுதான் பாசம் வரும்.

அதற்குள் அவளுடைய கலியாண வீடியோப் படம் இருந்தது. மாப்பிள்ளை வேதக்காரப் பெடியன், கிறிஸ்தவன். எங்கள் ஊரான கிளிவெட்டியில், வயிற்றில் கட்டியோடு பாயில் கிடந்த அம்மா ஒரே ஒரு விசயத்தை அறிவதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தா. "கூறைச்சீலை உடுத்துத் தாலி கட்டியிருந்தா அவள் என்ர பிள்ளை. வெள்ளை உடுப்போட சேர்ச்சில மோதிரம் மாத்தியிருந்தா எனக்கு நீ ஒரு பிள்ளைதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டா. அம்மாவுக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. திருகோணமலை ரவுணில் வேலை பார்த்துக்கொண்டு நான்தான் இடையில் கிடந்து இடிபட்டேன்.

தங்கச்சியிடம் ரெலிபோனில் நேராகவே கேட்டேன். "கூறையோ, கவுனோ? ஒரு சொல்லுச் சொல்லு."

"நான் வாயால சொல்லமாட்டன் அக்கா. அம்மா தன்ர கண்ணால பாக்கட்டும். நீங்களும் அவவோட இருந்து பாருங்கோ, முந்திப் பாத்தா அம்மாட்டப் போய்ச் சொல்லிப்போடுவீங்கள். சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லாம் குறைவு, வைராக்கியம் மட்டும் கொட்டிக் கிடக்கும்.

சண்டையில் விழுந்த மின்கம்பங்களை எங்கள் பக்கத்தில் யாரும் திரும்ப நடவில்லை. ஆகவே அம்மா படம் பார்ப்பதென்றால் பற்றறியில்தான். லாஞ்சில் கடலைத் தாண்டி மூதூருக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். வழி முழுக்கச் சென்றி, ஆமியின் காவலரண். கணினி கொண்டு போகிறவர்கள் ஒவ்வொரு சென்றியிலும் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். வெளிச்சம் வந்தால் கணினி, வராவிட்டால் குண்டு. அவ்வளவுதான் ஆமிக்காரனின் விஞ்ஞானம்.

பற்றறியை மிச்சம் பிடிக்கும் வித்தைகளைத் தங்கச்சியின் புருசன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். திரை வெளிச்சத்தைக் குறையுங்கோ. சத்தத்தைக் குறையுங்கோ. வயர்லெசை நிப்பாட்டுங்கோ. வெயில் படவிடாதேங்கோ. நான் வேலை செய்யும் கந்தோரில் ஒருவர், பற்றறியைக் கழற்றிப் பிரிட்ஜில் வைத்தால் கூட நேரம் நிற்கும் என்றார். வைத்தேன். சூடை மீன் மணம் ஏறியதுதான் மிச்சம்.

நானாகவும் ஒரு வித்தை கண்டுபிடித்தேன். சென்றியில் பொத்தானை அழுத்தி, முதல் வெளிச்சம் வந்ததும் ஆமிக்காரனின் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டு உடனே நிறுத்திவிடுவேன். லாஞ்ச் ஏறும் ஜெற்றியிலும் மூதூரிலும் அது பலித்தது.

ஊருக்குத் திரும்புகிற முடக்கில் இருந்த கடைசிச் சென்றியில் பலிக்கவில்லை. மத்தியான வெயில், வேறு சனமில்லை. அங்கே நின்ற ஆமிக்காரனுக்குப் பொழுது போகவில்லை. கணினியை வாங்கி மண்மூட்டையில் வைத்தான். திரையில் தங்கச்சியின் கலியாண வீடியோ இருந்ததைக் கண்டு "வெடிங்?" என்று சிரித்தபடி அதைத் தட்டினான். எனக்குத் தெரிந்த எல்லாப் பாசையிலும் கெஞ்சினேன். அம்மா, சுகமில்லை, பற்றறி இல்லை. அவன் தலையாட்டினான். பிறகு, வெளிச்சம் போதாதென்று அதைக் கூட்டினான்.

மூட்டைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு வாத்தியமும் கைதட்டும் மட்டும்தான் கேட்டன. அவன் முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதனால்தான் அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. திரை இருண்டதும் பொத்தானை இரண்டு மூன்று தரம் அமத்திப் பார்த்துவிட்டு, கவலையோடு என்னிடம் தந்தான்.

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன்.

"நீ பாத்தனியோ?"

"இல்லை அம்மா. சத்தியம் பண்ணினனான்."

"உன்ர சத்தியத்தில நெருப்பு வைக்க. அப்ப இந்த ஊரில என்ர பிள்ளையின்ர கலியாணம் பாத்தவன் அவன் ஒருத்தன்தான்."

பின்னேரம் எங்கள் ஒழுங்கையால் அந்தச் சென்றி ஆமிக்காரர் ரோந்து போவது வழக்கம். சப்பாத்துச் சத்தம் கேட்டதும் அம்மா வாசல்வரைக்கும் தவழ்ந்து போனா. சேருவிலப் பக்கத்துச் சிங்களச் சனத்தோடு ஒரு காலத்தில் நெல் வியாபாரம் செய்தவ. என்னைவிட நல்ல சிங்களம். எது அவன் என்று என்னிடம் கேட்டு, "மகனே" என்று கூப்பிட்டு, மணப்பெண் என்ன உடுத்திருந்தாள் என்று கேட்டா.

அவன் சந்தோசமாகச் சொன்னான். வெள்ளை. நிலம் முட்ட வெள்ளைக் கவுன். மோதிரம் போட்டார்கள். தங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் மாதிரியே வடிவு. அம்மா கழுத்தைத் தொட்டுக் காட்டி, "தாலி?" என்றா. அவன் இல்லையென்று தலையாட்டினான். அம்மா அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பாய்க்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா.

"நாளைக்குத் தோப்பூரில ஜெனறேற்றர் வைச்சிருக்கிற கடையில சார்ஜ் ஏத்திக்கொண்டு வாறன் அம்மா. மிச்சத்தையும் பாருங்கோ."

"கேட்டது போதும். நான் செத்தா என்ர முகத்தை அவளுக்குக் காட்டாத. ஒரு படமும் போகக்கூடாது. எனக்கும் ஒரு சத்தியம் பண்ணு."

அதையும் பண்ணினேன். அந்தக் கிழமையே அம்மா போய்விட்டா.

செத்தவீடு முடிந்து ரவுணுக்குத் திரும்பி, கணினியைச் சுவர்ப் பிளக்கில் கொழுவிவிட்டுப் படத்தைப் போட்டேன். வெள்ளைக் கவுன், கலியாணப் பதிவு எழுத்து நடந்த அன்றைக்கு உடுத்தது. ஆமிக்காரன் பார்த்தபோது பற்றறி தாக்குப்பிடித்தது அந்த இடம்வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஒரு பாட்டு. பாட்டு முடிய, ஐயர் ஓமம் வளர்க்கிறார், என் தங்கச்சி அரக்குச் சிவப்புக் கூறையில் வந்து மணவறையில் இருக்கிறாள், அந்த வேதக்காரப் பெடியன் வியர்த்து வழிய வழியத் தாலி கட்டுகிறான். அவள் கமராவைப் பார்த்து, "அம்மா, கூறை வடிவோ?" என்று கேட்கிறாள்.

கூறையை முன்னுக்கு வைத்திருந்தால் என்னடி என்று தனி வீட்டில் நின்று குளறினேன். ஆமிக்காரனை வெறுத்ததைவிட அந்த நேரம் அவளை வெறுத்தேன்.

அவள் ரெலிபோன் எடுத்து முதல் கேட்டதும் அதைத்தான். "அம்மா கூறையைப் பாத்தவவோ அக்கா?"

"ஓம், பாத்தவ" என்றேன். இன்னும் ஒருத்தியைக் கொல்ல எனக்குத் தெம்பில்லை.

அவள் நெடுநேரம் அழுதாள். பிறகு, "அப்ப செத்தவீட்டை ஏன் படம் பிடிச்சு அனுப்பேல்ல? நான் தந்த கொம்பியூட்டரிலயே கமரா இருக்குதுதானே. கடைசியா ஒருக்கா அம்மாவின்ர முகத்தைப் பாத்திருப்பன்" என்றாள்.

"பற்றறி இல்லையடி."

"வெளிச்சத்தைக் குறைச்சு வைச்சிருந்தா நிண்டிருக்குமே அக்கா" என்றாள்.